வேலுத்தாய் முட்டை திருடவில்லை

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேண்டாம். இந்தக் கோப்பை மேல வெயில் பட்டா என் கண்ணுக்கே கூசுது. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வச்சுக்கிடுறேன், சரியா? உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே?

பாக்கணும்னா பாருங்க. வாங்கிப் பாருங்க சார், உடையாது. முதல் பரிசு. கீழ எழுதியிருக்கு பாருங்க, ‘மக்களாட்சிக் காவலர்’. என் பேரு இருக்காது, குழு பேருதான் இருக்கும். குழுவாத்தான் சேரணும்னு சட்டம். ஆனா மேடையில ஏறி வாங்குனது நான் ஒருத்தன்தான். அது ஒரு கதை. எங்க ஊரு சாத்தூர் தாண்டி. அதுவரைக்கும் நேரம் இருக்கு, சொல்றேன். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்.

எறங்குனதும் நான் வீட்டுக்குப் போகல சார். நேரா எங்க அக்கா வீட்டுக்குத்தான். தேர்தல் சமயத்துலேர்ந்து அக்கா எங்கூடப் பேசல. போன் பண்ணா அத்தான் எடுத்து, ‘அவ குளிக்கா’ங்காரு. எப்ப பண்ணாலும் குளிக்கா. ஒரு மனுஷி எவ்வளவு நேரந்தான் சார் குளிப்பா? எங்க ஊர்ல அவ்வளவு தண்ணியும் வராது.

எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிரும். என்னை இடுப்புல தூக்கிச் சுமந்தது அக்காதான். அதுக்குன்னு என்னால முடிஞ்சதை நான் செஞ்சேன். செஞ்சதுக்குப் பலன், பேசாம இருக்கு. எனக்கு ஆத்தாமையா இருக்கு சார், மறைக்க என்ன இருக்கு. ஆனா இந்தக் கோப்பையைப் பாத்தா மனசு மாறிரும். மாறாம இருக்காது.

நான் ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன். கொண்டல் டிஜிட்டல். என் பேரு கொண்டல்சாமி. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எங்க ஊர்ல எதுவா இருந்தாலும் நம்ம கடை வழியாத்தான் வெளிய தெரியும். எல்லாக் கட்சிக்கும் அடிப்பேன். அதுல எனக்குப் பாகுபாடே கிடையாது.

இந்தப் போட்டியைப் பத்திச் சொன்னது ஜெசிந்தா மிஸ்தான். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கிற பிள்ளை. சென்னையில ஒரு அறக்கட்டளை நடத்துறாங்களாம். தேர்தல் நேரத்துல பொய்ச் செய்தி பரவி ஜனநாயகம் கெட்டுப்போகுதுல்ல, அதைத் தடுக்கிறதுக்குப் புதுசா ஒரு வழி கண்டுபிடிக்கணும். குழுவா சேரணும். அவங்கவங்க ஊர்ல ஒரு பொய்யைப் பிடிச்சு, அதை முறியடிச்சு, எத்தனை பேர்கிட்ட உண்மையைக் கொண்டுபோய்ச் சேத்தோம்னு கணக்குக் காட்டணும். அந்தப் பிள்ளைக்குக் குழுவுல உள்ளூர்த் தொழில் பண்றவர் ஒருத்தர் வேணுமாம். எங்கிட்ட வந்துச்சு. வயசுல மூத்தவன்ங்கிறதால நானே தலைவர் ஆயிட்டேன். மீதி ஆளுக்கு என் வீட்டுக்காரியும் என் மச்சினனும் கையெழுத்துப் போட்டாங்க.

மத்த ஊர்க் குழுவெல்லாம் போன்லதான் ஏதோ பண்ணாங்க. நான் அப்பவே சொன்னேன், ‘மிஸ், போனை ஒருத்தன் அமத்தி வச்சுருவான். பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல நாப்பதடிக்கு ஃப்ளெக்ஸ் வச்சா அதை எவன் அமத்துவான்?’னு. அந்தப் பிள்ளை யோசிச்சுச்சு. நல்லாத்தான் இருக்குன்னுச்சு. அப்ப அப்படித்தான் சொல்லுச்சு சார், அதை நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

வழி கிடைச்சிருச்சு. பொய் கிடைக்கணும்ல? அங்கதான் மாட்டிக்கிட்டோம்.

ஊருணிக்கு வேலி போட்டு ஒருத்தர் வளைச்சுட்டாருன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. சரி, பொய்யாத்தான் இருக்கும்னு போய்ப் பாத்தோம். வேலி இருக்கு. கேட்டுக்குப் பூட்டும் போட்டிருக்கு. வாய்க்காலே கட்டாம, கட்டுனதா கல்வெட்டு வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. போனோம். கல்வெட்டு இருக்கு, வாய்க்கால் இல்ல. ராஜகனி அண்ணாச்சின்னு ஒருத்தர், ஏற்கெனவே கவுன்சிலரா இருந்தவரு, திரும்பவும் நிக்காரு. அவரு வீட்டுக்கு வீடு குத்துவிளக்கு குடுக்கப் போறாருன்னு பேசிக்கிட்டாங்க. ஜெசிந்தா மிஸ், ‘இதையாவது பொய்னு நிரூபிச்சுருவோம் சார்’னுச்சு. மறுநாள் எங்க வீட்டுக்கே வந்துருச்சு குத்துவிளக்கு. பித்தளை இல்ல, மேல பூச்சுதான். அது வேற விஷயம்.

எனக்கு வெறுத்துப்போச்சு. எங்க ஊர்ல என்ன பேசுனாலும் உண்மையாவே இருக்கு. ஒரு பொய் கூட இல்லன்னா நாங்க எப்படி சார் ஜனநாயகத்தைக் காப்பாத்துறது? கெடு வேற நெருங்கிருச்சு.

இதுல எங்க அக்கா எங்க வருதுன்னு கேப்பீங்க. சொல்றேன். எங்க அக்கா பேரு வேலுத்தாய். சத்துணவுக் கூடத்துல அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனது. எங்க வார்டுல மீசை வச்சவன்ல பாதிப் பேரு அக்கா போட்ட சோத்தைத் தின்னு வளந்தவன். ரோட்டுல அக்காவைப் பாத்தா பைக்கை நிறுத்தி, ‘டீச்சர், வீட்டுல விட்டுரட்டா?’ம்பான். அவனுங்கதான் சேந்து, நீங்க நில்லுங்க டீச்சர்னு நிக்க வச்சானுங்க. சுயேச்சைதான். தையல் மெஷின் சின்னம். ராஜகனி அண்ணாச்சி முகத்துல அப்ப ஈயாடல. குத்துவிளக்கு குடுத்ததே அந்தப் பயத்துலதான்னு நெனைக்கேன்.

ஒரு நாள் நானும் ஜெசிந்தா மிஸ்ஸும் கரும்புச்சாறு குடிக்கப் போனோம். சோலையப்பன் கடை. நான் சும்மா இருக்கல, கேட்டேன். “சோலையப்பா, தேர்தலைப் பத்தி என்னய்யா பேசிக்கிடுறாங்க?”

“உங்க அக்காதான் ஜெயிக்கும்ங்காங்க.”

“வேற? குறை ஏதும் சொல்றாங்களா?”

“ஒண்ணும் சொல்லலையே.”

“அப்படிச் சொல்லாதய்யா. ஏதாச்சும் இருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு.”

அவன் கரும்பை ரெண்டா மடிச்சு மெஷினுக்குள்ள விட்டுக்கிட்டே யோசிச்சான். யோசிச்சுட்டு, “இத்தன வருசம் முட்டைக்கு நடுவுல இருந்துச்சே, ஒண்ணு ரெண்ட வெளிய வித்திருக்காதான்னு எவனாச்சும் கேட்டாலும் கேப்பான்” அப்படின்னான்.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு சார். நீங்க நம்ப மாட்டீங்க. ஏன்னா அது பொய். சுத்தப் பொய். வேற யாரைப் பத்தியாவது சொல்லியிருந்தா, மறுபடியும் அலைஞ்சு விசாரிச்சு, கடைசியில உண்மைன்னு தெரிஞ்சு நாசமாப் போயிருக்கும். இது எங்க அக்கா. எனக்குத் தெரியாதா? முட்டையில முத்திரை அடிச்சுத்தான் வரும், வெளிய விக்கவும் முடியாது. ஒரு நாள் நான் சின்னப்பையன்ல போய், ‘அக்கா ஒரு முட்டை குடுக்கா’ன்னு நின்னதுக்கு, ‘உன் பேரு இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கா?’ன்னு கேட்டு வெறட்டி விட்டுருச்சு. கூடப் பொறந்த தம்பி சார். அப்படிப்பட்ட பொம்பளை.

ஜெசிந்தா மிஸ் மட்டும் இழுத்துச்சு. “சார், இது வதந்தியே இல்லையே. நீங்க கேட்டதுக்கு அவரு ஏதோ சொன்னாரு.”

“மிஸ், எல்லா வதந்தியும் ஒருத்தன் ஏதோ சொல்லித்தான் ஆரம்பிக்கும். மத்தவங்க பரவுன பெறகு பிடிக்காங்க. நாம பரவுறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம். இதைவிட என்ன புதுமை வேணும்?”

அந்தப் பிள்ளை கரும்புச்சாறைக் கீழ வச்சுட்டு நோட்டை எடுத்துச்சு.

போட்டி விதிப்படி முதல்ல ஒரு கணக்கெடுப்பு எடுக்கணும். வீடு வீடாப் போய், ‘வேலுத்தாய் அக்கா முட்டை வித்தாங்கன்னு கேள்விப்பட்டீங்களா?’ன்னு கேட்டோம். ஒருத்தர் கூடக் கேள்விப்படல. எல்லாரும், ‘அப்படியா? எப்ப?’ன்னுதான் கேட்டாங்க. ஜெசிந்தா மிஸ் மூஞ்சி சுருங்கிப்போச்சு. “சார், யாருக்குமே தெரியல. விட்டுருவோம்”னுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். சுழியத்துலேர்ந்து ஆரம்பிச்சா எவ்வளவு ஏறுனாலும் நம்ம சாதனைதானே!

அன்னைக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்ல. நானே உக்காந்து டிசைன் பண்ணேன். அக்கா கும்பிட்ட மாதிரி ஒரு படம், ஆள் உயரத்துக்கு மேல. ரெண்டு பக்கமும் முட்டை. ஒவ்வொரு முட்டையும் ஒரு பானை அளவு இருக்கும், அவ்வளவு தத்ரூபம். மேல, ‘வதந்தியை நம்பாதீர்!’ கீழ செகப்புல, ‘நமது வேலுத்தாய் அக்கா சத்துணவு முட்டையைத் திருடவில்லை! விற்கவில்லை!’ திருடவில்லைங்கிறதுல ‘திருட’ மட்டும் கொஞ்சம் பெருசா விழுந்துருச்சு. பாக்கிறவன் கண்ணு முதல்ல அங்க போய் நிக்கணும்ல, தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் அது தெரியும்.

நம்ம கடை மொட்டை மாடியிலேயே கட்டிட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் வேற எங்கயும் பாக்க முடியாது.

தேர்தல் பறக்கும் படை வந்துச்சு. ஜீப்பை நிறுத்தி எறங்கிப் பாத்தாங்க. ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “இது அந்த அம்மாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா?”ன்னு கேட்டாரு. நான், “ரெண்டும் இல்ல சார். உண்மை”ன்னேன். கையில இருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டுனாரு. ஓட்டுக் கேக்கல, சின்னம் போடல, எந்த விதியில எடுக்கிறதுன்னு தெரியல போல. சேலை நல்லா இருக்குன்னு ஏட்டையாகிட்ட சொல்லிட்டு ஏறிப் போயிட்டாரு.

அதைவிட, ராஜகனி அண்ணாச்சி வந்தாரு பாருங்க. அக்காவை எதுத்து நிக்கிறவரு. கடைக்கு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. “தம்பி, அரசியல் நாகரிகம்னா இதுதான். ஒரு நல்ல பொம்பளையைப் பத்தி இப்படிப் பேசலாமா? இதே மாதிரி எங்க தெருவுக்கு ஒண்ணு, சந்தைக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல ஒண்ணு அடிச்சுருங்க. என் செலவு”ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எதிரியே வந்து உண்மைக்குத் துணை நிக்கான்னா, அது எவ்வளவு பெரிய விஷயம்! சென்னையில நடுவருங்க இதுக்குன்னே தனியா மார்க் போட்டாங்க. ‘அனைத்துக் கட்சி ஒத்துழைப்பு’ன்னு.

எங்க வந்துருக்கோம்? விருதுநகரா? சரி சரி. ஆளு ஏறட்டும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கோப்பையில இடிச்சுரப் போறாங்க.

மறுநாள் அக்கா கடைக்கு வந்துச்சு. உள்ள வரல. வாசல்ல நின்னு மேல அண்ணாந்து பாத்துச்சு. பெறகு என்னைப் பாத்துச்சு.

“ஏலே தம்பி, நான் முட்டை திருடுனேன்னு யாருலே சொன்னது?”

“யாரும் சொல்லிரக் கூடாதுன்னுதாங்கா வச்சிருக்கேன்.”

“யாரும் சொல்லலல்ல?”

“சொல்லல.”

“பெறகு எதுக்குலே நான் இல்லன்னு சொல்லணும்?”

இதுக்கு நான் பொறுமையா விளக்கம் சொன்னேன் சார். முன்கூட்டியே தடுக்கிறது, கணக்கெடுப்பு, சுழியம், எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டுக்கிட்டே நின்னுச்சு. கேட்டு முடிச்சுட்டு, “கழட்டிருலே”ன்னுச்சு. அவ்வளவுதான். சத்தம் கூடப் போடல. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கிட்டு வெயில்ல நடந்து போயிருச்சு. பஸ் ஸ்டாப்புல நின்னவனெல்லாம் ஃப்ளெக்ஸையும் அக்காவையும் மாத்தி மாத்திப் பாத்தான். ஒருத்தனும் பைக்கை நிறுத்தல.

நான் யோசிச்சேன். எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தப் படம் பழைய படம், நூல் சேலை. பொம்பளைங்களுக்கு அது ஒரு குறைதானே? உடனே அதைக் கழட்டிட்டு, பட்டுச் சேலை கட்டுன படத்தைப் போட்டுப் புதுசா வச்சேன். முட்டையையும் கொஞ்சம் பெருசாக்குனேன். அதுக்கும் பேசல.

ஜெசிந்தா மிஸ் அன்னைக்குத்தான் விலகிக்கிட்டுச்சு. “சார், எல்லாத்தையும் எறக்குங்க. உங்க அக்கா பாவம்”னு கடையில வச்சு அழுதுருச்சு. நல்ல பிள்ளைதான், ஆனா பயந்த சுபாவம். பெரிய காரியத்துக்கெல்லாம் அது ஒத்துவராது. என் வீட்டுக்காரியும் கையெழுத்தைத் திருப்பிக் குடுங்கன்னா. போட்ட கையெழுத்தை எப்படித் திருப்பிக் குடுக்கிறது?

ஓட்டுப்போடுற அன்னைக்கு இன்னொரு கூத்து. மேலத்தெருக் கெழவி ஒண்ணு, அக்கா மேல உசுரையே வச்சிருக்கு. ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்து, “எய்யா, முட்டைச் சின்னத்தைத் தேடோ தேடுன்னு தேடுனேன், மெஷின்ல காணமே. வேலுத்தாய் பேரை எடுத்துட்டாங்களா?”ன்னு எங்கிட்டயே கேக்கு. அதுமட்டும் இல்ல, பின்னாடி வந்தவங்களும் அதையேதான் கேட்டாங்க. முட்டை இல்லன்னதும் கைக்கு வந்ததை அமுக்கிட்டு வந்துருக்காங்க. படிக்காத ஜனங்க. அவங்களை வச்சு ஜனநாயகத்தை எப்படி சார் காப்பாத்துறது? அதான் இந்த மாதிரிப் போட்டியெல்லாம் அவசியம்ங்கிறது.

அக்கா தோத்துருச்சு. கொஞ்ச ஓட்டு வித்தியாசந்தான். ராஜகனி அண்ணாச்சி வெற்றி ஃப்ளெக்ஸ் நம்ம கடையிலதான் அடிச்சாரு. அதுக்கும் அக்கா வருத்தப்பட்டிருக்கும். தொழில் வேற, பாசம் வேறன்னு யாரு எடுத்துச் சொல்றது?

இப்ப அக்கா வெளிய தெருவ வர்றதில்ல. அத்தான்தான் காய்கறி வாங்க வர்றாரு. எல்லாம் வாங்குறாரு, முட்டை மட்டும் வாங்க மாட்டாராம், பலசரக்குக் கடைக்காரன் சொன்னான். அக்கா சோறு போட்டு வளந்த ஒரு பய, அக்கா வீட்டு வாசல்ல நின்னு, ‘டீச்சர், முட்டை இருக்கா?’ன்னு கேட்டுட்டு ஓடியிருக்கான். வெளையாட்டுக்குத்தான். அவனும் நம்பலையே சார், அது பொய்னு அவனுக்கும் தெரியும். ஊர்ல அத்தன பேருக்கும் தெரியும். அதைத்தானே நான் செஞ்சேன்!

தேர்தல் முடிஞ்சு திரும்பக் கணக்கெடுத்தேன். நான் ஒருத்தனா எடுத்தேன். ‘வேலுத்தாய் அக்கா முட்டை வித்தாங்கன்னு கேள்விப்பட்டீங்களா?’ன்னு கேட்டா, வாயை மூடுறதுக்கு முன்னாடி, ‘ஆமா, அது பொய்யாம்ல’ங்காங்க. சின்னப் பிள்ளை கூடச் சொல்லுது. சென்னையில இந்த ரெண்டு கணக்கையும் வரைபடமாத் திரையில போட்டேன். இந்தப் பக்கம் சுழியம், அந்தப் பக்கம் கோடு கூரைக்கு ஏறுது. ஒரு நடுவரம்மா எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. ‘இவ்வளவு வேகமா ஒரு உண்மை பரவி நாங்க பாத்ததே இல்ல’ன்னாங்க. மத்த குழுக்காரனெல்லாம் என்னையே பாக்கான். ஜெசிந்தா மிஸ் வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்! குடுத்து வைக்கல.

ஒரு நடுவரு மட்டும், ‘அந்த அம்மா ஜெயிச்சாங்களா?’ன்னு கேட்டாரு. நான், ‘சார், போட்டி பொய்யைத் தோக்கடிக்கிறதுக்குத்தானே, ஆளை ஜெயிக்க வைக்கிறதுக்கு இல்லையே’ன்னேன். சபையே சிரிச்சுருச்சு. அவரும் சிரிச்சாரு. இந்த மாதிரி எடத்துல சமயோசிதமாப் பேசணும் சார்.

இதுல இன்னும் அக்காவுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. அதைச் சொல்லத்தான் ஓடுறேன். அந்த அறக்கட்டளை எங்க ஃப்ளெக்ஸை மாதிரியா எடுத்துக்கிட்டாங்க. அடுத்த தேர்தல்ல எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பப் போறாங்க, வதந்தியை எப்படி முறியடிக்கணும்னு காட்டுறதுக்கு. அதே படம், பட்டுச் சேலையோட. அதே முட்டை. கன்னியாகுமரியிலேர்ந்து திருவள்ளூர் வரைக்கும், எங்க அக்கா திருடலன்னு தமிழ்நாடே படிக்கப்போகுது சார். எந்தச் சத்துணவு அமைப்பாளருக்கு இந்தப் பேரு கிடைக்கும்? அவங்க சம்மதக் கையெழுத்து ஒண்ணு கேட்டாங்க, அக்கா சார்பா நானே போட்டுக் குடுத்துட்டேன். தம்பிதானே. அக்கா சந்தோஷப்படும்ல? நீங்க சொல்லுங்க. வெளி ஆளு, நடுநிலையாச் சொல்லுங்க.

இந்தா, சாத்தூரும் தாண்டிருச்சு. அடுத்தது எங்க ஊருதான். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். கோப்பையை இப்படிக் குடுங்க. நல்லாப் பேசிக்கிட்டு வந்தோம். நீங்க பொறுமையாக் கேட்டீங்க, பெரிய மனசு.

என்ன கேக்கீங்க? காத்துல சரியா விழல. பஸ் சத்தம்.

அப்ப அந்த முட்டையெல்லாம் எங்கதான் போச்சுன்னா?

எந்த முட்டை சார்?

இல்ல... முட்டை எங்கயும் போகலையே. நான்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே வாறேனே. காணாமப் போனாத்தானே எங்க போச்சுன்னு கேக்கணும்? கண்டக்டர், கொஞ்சம் பொறுங்க, எறங்குறேன், எறங்குறேன். சார், நீங்க படிச்சவங்களாத் தெரியுறீங்க, நீங்களே இப்படிக் கேக்கலாமா? ஒரு முட்டை கூடப் போகல சார். பிள்ளைங்க சாப்பிட்டுச்சு. எல்லா முட்டையையும் பிள்ளைங்கதான் சார் சாப்பிட்டுச்சு.